கடைசி நேரத்தில் யார் இருந்தது? – கிரேக்கத்தில் ஐந்து நாள்

முதல் நாள், ஏதென்ஸ்

விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு நேராகத் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கூட வந்திருப்பது என் அக்கா. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்துப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றாள். எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே கிரேக்கத் தெய்வக் கதைகள் மேல் தீராத ஆசை. அவளுக்குக் கடலும் மலையும் பார்க்க வேண்டும். நான் கதை சொல்ல வேண்டும், அவள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். அப்படிப் பேசி வைத்துத்தான் கிளம்பினோம்.

உள்ளே ஒரு வெண்கலச் சிலை. ஆளைவிட உயரம், 2.09 மீட்டர். கி.மு. 460 வாக்கில் செய்தது. இடக்கை முன்னே நீண்டிருக்கிறது, வலக்கை எதையோ எறியப் பின்னால் ஓங்கியிருக்கிறது. எறியப் போன பொருள் மட்டும் இல்லை. யூபியா தீவின் வட முனையில், ஆர்டெமிசியன் என்ற இடத்துக் கடலடியில் 1926-இல் ஒரு கை கிடைத்தது. 1928-இல் மீதி உடம்பு கிடைத்தது. கையிலிருந்தது இடி ஆயுதம் என்றால் இவர் ஜீயஸ். திரிசூலம் என்றால் போசைடன். அறிஞர்கள் இன்னும் இரண்டு கட்சி.

"முகத்தை வைத்துச் சொல்ல முடியாதா?" என்றாள் அக்கா.

முடியாது. இருவரும் அண்ணன் தம்பி. வேறுபாடு கையில் இருப்பதில்தான். கிரேக்கத் தெய்வங்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. டிராய் போரைப் பற்றி ஹோமர் பாடிய இலியட் காவியத்தின் 15-ஆம் காண்டத்தில் போசைடனே கோபத்தோடு சொல்கிறார்: நாங்கள் மூன்று சகோதரர்கள், சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டோம். ஜீயஸுக்கு வானம், எனக்குக் கடல், ஹேடிஸுக்கு இருட்டு. பூமியும் ஒலிம்பஸ் மலையும் எல்லோருக்கும் பொது. அவன் யார் எனக்குக் கட்டளையிட? கிட்டத்தட்ட ஒரு பாகப் பிரிவினைத் தகராறு. விதிக்குக் கிரேக்கர்கள் சொல்லும் 'மொய்ரா' என்ற சொல்லுக்கும் 'பங்கு' என்றுதான் அடிப்படைப் பொருள். கடவுளுக்கும் ஒரு பங்கு, மனிதனுக்கும் ஒரு பங்கு. மனிதனின் பங்கில் சாவும் சேர்ந்தே வருகிறது.

அக்கா சிலையைச் சுற்றி வந்து பாதத்தைப் பார்த்தாள். ஒரு காலில் குதிகால் மட்டும் தரையில் ஊன்றியிருக்கிறது. "கெண்டைக்கால் தசையை எவ்வளவு சரியாச் செஞ்சிருக்கான்" என்றாள். அவள் பார்த்த உடம்புகள் எத்தனை ஆயிரம் இருக்கும்! அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் நாள், அக்ரோபோலிஸ்

ஏதென்ஸ் நடுவே நிற்கும் அந்தப் பாறைக் குன்றில் காலை எட்டு மணிக்கே ஏறிவிட்டோம். அங்குள்ள அதீனாவின் பெரிய கோயில் பார்த்தனான் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் சிற்ப வேலை முடிந்தது, அவ்வளவு போதும். எனக்குப் பிடித்தது எரெக்தியன் கோயில் பக்கத்தில் நிற்கும் ஆலிவ் மரம். இந்த ஊர் யாருக்கு என்று அதீனாவும் போசைடனும் போட்டியிட்டபோது போசைடன் பாறையைக் குத்தி உப்புநீரை வரவழைத்தார், அதீனா ஆலிவ் மரத்தைத் தந்தாள் என்பது கதை. இப்போது நிற்கும் மரம் பின்னாளில் நட்டது. கி.மு. 480-இல் பாரசீகர்கள் இங்கே தீ வைத்தபோது அந்தப் பழைய மரமும் எரிந்ததாகவும், மறுநாளே அடிமரத்திலிருந்து ஒரு முழத் துளிர் விட்டிருந்ததாகவும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இரண்டு முறை அதைப் படித்துக் காட்டச் சொன்னாள் அக்கா.

ஆனால் நான் வந்தது மேலே இருப்பதற்காக அல்ல. தெற்குச் சரிவில் இறங்கினால் டயோனிசஸ் அரங்கம். உலகத்துக்கு நாடகம் என்று ஒன்றைக் கொடுத்த இடம். இப்போது தெரியும் கல் இருக்கைகள் கி.மு. 4-ஆம் நூற்றாண்டையும் அதற்குப் பிற்காலத்தையும் சேர்ந்தவை. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஈஸ்கிலஸ், சோஃபக்லீஸ், யூரிபிடீஸ் என்ற நாடகக் கவிஞர்கள் போட்டி போட்டபோது மக்கள் மரப்பலகைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். டயோனிசஸ் திருவிழாவில் மூன்று கவிஞர்கள், ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம், முடிவில் ஒரு கேலிக்கூத்து. டயோனிசஸின் சிலையையே இங்கே கொண்டுவந்து வைப்பார்கள், கடவுளும் பார்க்க வேண்டுமே. அவருடைய பூசாரிக்கு முன்வரிசை நடுவில் பளிங்கு ஆசனம். பெயர் பொறித்த அந்த ஆசனம் இன்னும் இருக்கிறது.

நிழலில் உட்கார்ந்து 'ஹிப்போலிடஸ்' கதையைச் சொன்னேன். கி.மு. 428-இல் யூரிபிடீஸுக்கு முதல் பரிசு வாங்கித் தந்த நாடகம்.

முதலில் அஃப்ரோடைட் வருகிறாள். காதலின் தெய்வம். தீசியஸ் மன்னனின் மகன் ஹிப்போலிடஸ் தன்னை மதிப்பதில்லை, காட்டில் வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸோடேயே திரிகிறான், இன்றைக்குள் அவனை அழிப்பேன் என்கிறாள். அவன் சிற்றன்னை ஃபெய்ட்ராவுக்கு அவன் மேல் ஆசை வரச் செய்தவள் அவள்தான். ஃபெய்ட்ரா அந்த ஆசையோடு போராடி, இந்தப் பாறை ஓரமாகவே அஃப்ரோடைட்டுக்கு ஒரு கோயில் எழுப்பினாள் என்று நாடகத்தில் வரி வருகிறது. அதாவது பார்வையாளர்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த இதே பாறை. பேச்சைக் கேட்கும்போது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஃபெய்ட்ரா அவமானம் தாங்காமல் தூக்குப் போட்டுக்கொள்கிறாள், சாகும்போது ஹிப்போலிடஸ் மேல் பொய்ப் பழியை எழுதி வைத்துவிட்டு. தீசியஸ் நம்பிவிடுகிறான். போசைடன் தனக்குத் தந்த வரத்தைப் பயன்படுத்தி மகனைச் சபிக்கிறான். கடலிலிருந்து ஒரு காளை எழுகிறது, குதிரைகள் மிரள்கின்றன, தேரில் சிக்கிய பிள்ளை பாறைகளில் இழுபட்டுக் குற்றுயிராக வீடு வருகிறான்.

அப்போதுதான் ஆர்டெமிஸ் வந்து உண்மையைச் சொல்கிறாள். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றாள் அக்கா உடனே. அதற்கும் ஆர்டெமிஸ் பதில் வைத்திருக்கிறாள்: ஒரு தெய்வம் விரும்பியதை இன்னொரு தெய்வம் எதிர்ப்பதில்லை, விலகி நிற்போம், அதுதான் எங்களுக்குள் சட்டம். மறுபடி பாகப் பிரிவினைதான். அவள் எல்லையில் இவள் நுழைய மாட்டாள்.

சரி, வந்தவள் கூடவாவது இருந்தாளா? இல்லை. என் கண்ணுக்குக் கண்ணீர் வரக் கூடாது என்கிறாள். பிறகு, போய் வருகிறேன், செத்தவர்களைப் பார்ப்பதும் கடைசி மூச்சால் என் கண்ணைத் தீட்டுப்படுத்துவதும் எனக்கு ஆகாது, நீ அந்த நிலைக்கு நெருங்கிவிட்டாய் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறாள். ஹிப்போலிடஸ் அவளைத் திட்டவில்லை. நீண்ட கால நட்பை எவ்வளவு சுலபமாக விட்டுப் போகிறாய் என்று ஒரே ஒரு வரி. அப்புறம் மேடையில் மிஞ்சுவது சபித்த அப்பனும் சாகும் மகனும்தான். மகன் அப்பனை மன்னிக்கிறான். சீக்கிரம் என் முகத்தைத் துணியால் மூடுங்கள் அப்பா என்கிறான். முடிந்தது.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. "முகத்தை மூடுறது நாங்க செய்யற வேலை" என்றாள் கடைசியில். "கூட இருக்க வேண்டிய நேரத்துல எப்படிடா போவா?"

மாலையில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். பார்த்தனான் சுவரைச் சுற்றி ஓடிய சுமார் 160 மீட்டர் சிற்ப வரிசையில் ஒரு பகுதி இங்கே, கிட்டத்தட்டப் பாதி லண்டனில். கிழக்குப் பக்கத்துத் தெய்வங்களில் மூவர் இங்கே இருக்கிறார்கள், ஒரே கல்லில் வரிசையாக: போசைடன், அப்பல்லோ, ஆர்டெமிஸ். அந்த வரிசையில் தெய்வங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மனிதர்கள் நிற்கிறார்கள், தலைகளோ ஒரே உயரத்தில். எழுந்தால் நம்மைவிட எவ்வளவு பெரியவர்கள் என்பதைச் சிற்பி இப்படிச் சொல்லியிருக்கிறான். காளையை அனுப்பியவரும் விட்டுப்போனவளும் ஒரே கல்லில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது, காலையில் கேட்ட கதை எனக்கே புதிதாகச் சுட்டது.

மூன்றாம் நாள், அகோரா

இன்று கால் வலி. பக்கத்திலேயே இருக்கும் பழைய சந்தை வெளிக்கு மட்டும் போனோம். அங்கே சிறு குன்றின் மேல் ஹெஃபெஸ்டஸ் கோயில், கிரேக்கத்தில் நான் பார்த்ததிலேயே சிதையாமல் நிற்கும் கோயில். சுற்றிலும் உலோக வேலைக்காரர்களின் பட்டறைகள் இருந்த பகுதி. தெய்வமும் அவர்களைப் போலவே உலைக்கு முன் வியர்த்து நிற்கும் கால் ஊனமான கொல்லன்.

இலியட்டின் 18-ஆம் காண்டத்தில் கிரேக்கப் பெருவீரன் அகிலீஸின் தாய் தீட்டிஸ் அவரிடம் வருகிறாள், மகனுக்குக் கவசம் கேட்டு. அவள் சாகாதவள், அவள் மகன் சாகப் போகிறவன். ஹெஃபெஸ்டஸ் சொல்லும் பதிலை என்னால் மறக்க முடிந்ததில்லை: அழகான கவசம் அவனுக்கு நிச்சயம் கிடைக்கும், அந்த நேரம் வரும்போது சாவிடமிருந்து அவனை ஒளித்து வைக்கவும் இதேபோல் என்னால் முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கையில் இருக்கும் தொழிலைச் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான் தெய்வத்தாலும் முடியும்.

அக்கா நேற்றைய கேள்வியை விடவில்லை. வேறு யாராவது கூட இருந்தார்களா என்றாள். படியில் உட்கார்ந்து நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஜீயஸின் சொந்த மகன் சார்பெடான் போர்க்களத்தில் சாகப் போகிறான். தூக்கிக் காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் தவிக்கிறார். செய், ஆனால் அப்புறம் ஒவ்வொரு தெய்வமும் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்பும் என்கிறாள் அவர் மனைவி ஹீரா. ஜீயஸ் இரத்த மழை பொழிகிறார், மகனை விட்டுவிடுகிறார். உறக்கமும் சாவும் என்ற இரட்டையர்தான் உடலை ஊருக்குத் தூக்கிப் போகிறார்கள். டிராய் வீரன் ஹெக்டர் அகிலீஸோடு மோதும்போது, இருவரில் யார் சாவது என்று நிறுக்க ஜீயஸ் தராசைத் தூக்குகிறார், ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. அடுத்த நொடி, அதுவரை துணை நின்ற அப்பல்லோ அவனை விட்டுப் போய்விட்டான் என்று ஹோமர் அரை வரியில் முடித்துவிடுகிறார். டிராய் மன்னன், கிழவன் பிரையம், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு அகிலீஸின் கூடாரத்துக்குப் போகும்போது ஹெர்மிஸ் என்ற தெய்வம் வழிகாட்டி வருகிறார், வாசல் வரைக்கும். உள்ளே வர மாட்டேன், மனிதர்கள் தெய்வத்தை நேருக்கு நேர் உபசரிப்பது முறையல்ல என்று திரும்பிவிடுகிறார். உள்ளே கொன்றவனும் பறிகொடுத்தவனும் ஒன்றாக உட்கார்ந்து அழுகிறார்கள்.

"வாசல் வரைக்கும்தான் வருவாங்க போல" என்றாள்.

நான்காம் நாள், எபிடாரஸ்

அதிகாலைப் பேருந்து. கொரிந்து கால்வாயைத் தாண்டும்போது அக்கா சன்னல் பக்கம் எழுந்து நின்றுவிட்டாள், செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவருக்கு நடுவே ஒரு கோடு போலத் தண்ணீர். எபிடாரஸில் எல்லோரும் அரங்கத்துக்கு ஓடுகிறார்கள். 55 வரிசை, நடுவில் காசைப் போட்டால் உச்சிக்குக் கேட்கும். நாங்களும் போட்டோம், கேட்டது. ஆனால் அக்காவுக்காக நான் இங்கே வந்தது வேறு காரணத்துக்கு. இது அஸ்கிலிப்பியஸின் இடம், மருத்துவத்தின் தெய்வம்.

அப்பல்லோவுக்கும் ஒரு மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவர். நோய் தீர்ப்பதோடு நில்லாமல் செத்தவனை எழுப்பிவிட்டார். பங்கு மீறிய செயல், ஜீயஸ் இடியால் கொன்றார். பிற்காலத்தில் தெய்வமானார். அவர் எழுப்பியவர்களில் ஒருவன் யார் தெரியுமா? நம் ஹிப்போலிடஸ். இங்கே ஒரு பழைய கல்லில் ஹிப்போலிடஸ் இந்தத் தெய்வத்துக்கு இருபது குதிரை காணிக்கை தந்ததாக எழுதியிருந்தது என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வந்துபோன பயணி பாசேனியஸ் குறித்து வைத்திருக்கிறார். அக்கா முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

நோயாளிகள் இங்கே ஒரு நீண்ட கூடத்தில் படுத்து உறங்குவார்கள். கனவில் தெய்வம் வந்து குணப்படுத்தும். அப்படிக் குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், அந்தக் கற்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கல்லடைப்பால் துடித்த ஒரு சிறுவனின் கதை. கனவில் தெய்வம் வந்து, உன்னைக் குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய் என்று கேட்டது. பத்து ஆட்டெலும்பு தருகிறேன் என்றான் பையன். பிள்ளைகள் தாயக்கட்டை போல உருட்டி விளையாடும் எலும்புகள். தெய்வம் சிரித்துவிட்டது. காலையில் பையன் நலமாக எழுந்து போனான். கிரேக்கத் தெய்வம் ஒன்று ஒரு குழந்தையிடம் இவ்வளவு அன்பாகச் சிரித்ததாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

ஆனால் இங்கேயும் அந்தத் தீட்டுச் சட்டம் உண்டு. கோயில் எல்லைக்குள் யாரும் சாகக் கூடாது, பிரசவமும் ஆகக் கூடாது. அப்பல்லோ பிறந்த டெலோஸ் தீவிலும் இதே விதிதான். ஏதெனியர்கள் கி.மு. 426-இல் அங்கிருந்த கல்லறைகளைக்கூடத் தோண்டி அகற்றினார்கள். ஆகவே இங்கே நோய் முற்றியவர்களும் வலி கண்ட பெண்களும் வெட்டவெளியில் கிடந்தார்கள். அதைப் பார்த்து அன்டோனினஸ் என்ற ரோமானியர் எல்லைக்கு வெளியே ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்தார், சாகவும் பிரசவிக்கவும் என்று. இதுவும் பாசேனியஸ் சொன்னதுதான்.

அக்கா நின்றுவிட்டாள். "அந்தக் கட்டடம் எங்கே?" என்றாள். காட்ட என்னால் முடியவில்லை. பைன் மரங்களுக்கு அப்பால் எங்கோ ஓரிடம். அரை மணி நேரம் அந்தத் திசையிலேயே நடந்தோம். ஊரே கொண்டாடும் ஆஸ்பத்திரியில் சாகிற நோயாளியை எங்கே வைப்பது என்ற தகராறை அவள் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறாள். "கட்டினவன் பேரை எழுதிக்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.

திரும்பும் பேருந்தில் 'அல்கெஸ்டிஸ்' கதை. யூரிபிடீஸ், கி.மு. 438. அஸ்கிலிப்பியஸ் கொல்லப்பட்ட ஆத்திரத்தில் அப்பல்லோ இடி வார்க்கும் சைக்ளோப்ஸ்களைக் கொல்கிறார். தண்டனையாக அட்மீட்டஸ் என்ற மனிதனிடம் மாடு மேய்க்க வேண்டியதாகிறது. நல்ல எஜமானன் என்பதால் அவனுக்குப் பதிலாக வேறொருவர் சாகலாம் என்று வரம் வாங்கித் தருகிறார். வயதான பெற்றோர் மறுக்க, மனைவி முன்வருகிறாள். அவள் சாகும் நாளில் அப்பல்லோ என்ன செய்கிறார்? தீட்டு என்னைத் தொடக் கூடாது என்று சொல்லி, நேசித்த வீட்டை விட்டு வெளியேறுகிறார். நாடகமே அப்படித்தான் தொடங்குகிறது. அவளை மீட்டுவருவது ஹெராக்லீஸ், பாதி தெய்வம், பாதி மனிதன். கல்லறைப் பக்கம் காத்திருந்து சாவோடு மல்லுக்கட்டுகிறான்.

"பாதி மனுஷன்னாத்தான் உள்ள போக முடியுது" என்றாள் அக்கா, அரைத் தூக்கத்தில்.

ஐந்தாம் நாள், எலியூசிஸ்

ஏதென்ஸிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர்தான். இன்றைய பெயர் எலெஃப்சினா. சுத்திகரிப்பு ஆலை, கப்பல் பட்டறை, புகைபோக்கி, அதற்கு நடுவில் இடிபாடுகள். சுற்றுலாக் கூட்டம் இல்லை. வாசலருகே பழைய கிணறு ஒன்று, கல்லிகோரான். அதன் ஓரத்தில் உட்கார்ந்து கடைசிக் கதையைச் சொன்னேன்.

இந்தக் கதை 'டிமீட்டர் துதி' என்ற பழம்பாடலில் இருக்கிறது. 1777-இல் மாஸ்கோவில் கிடைத்த ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியால்தான் அந்தப் பாடல் நமக்கு மிஞ்சியது. தானியத்தின் தெய்வம் டிமீட்டரின் மகள் பெர்செஃபனி பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது பூமி பிளந்து ஹேடிஸ் அவளைத் தேரில் தூக்கிப் போகிறார். ஜீயஸின் சம்மதத்தோடு. தாய் ஒன்பது நாள் கையில் தீப்பந்தத்தோடு சோறு தண்ணீர் இல்லாமல் தேடுகிறாள். பிறகு கிழவி வேடத்தில் எலியூசிஸுக்கு வந்து கிணற்றோரம் உட்கார்கிறாள். ஊர்த்தலைவன் வீட்டுப் பெண்கள் இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அவள் பேசவில்லை, சிரிக்கவில்லை. இயாம்பே என்ற வேலைக்காரி கேலி பேசிப் பேசி ஒருவழியாகச் சிரிக்க வைக்கிறாள். திராட்சை மதுவை மறுத்து, பார்லியும் தண்ணீரும் புதினாவும் கலந்த பானத்தைக் குடிக்கிறாள். அந்த வீட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலைக்குச் சேர்கிறாள்.

அக்கா நிமிர்ந்தாள். "தெய்வமா? ஆயா வேலைக்கா?"

ஆமாம். அந்தப் பிள்ளையைச் சாகாதவனாக்க இரவு இரவாக நெருப்பில் வைத்து எடுக்கிறாள். ஒருநாள் பெற்றவள் பார்த்து அலறிவிட, காரியம் கெட்டுவிடுகிறது. குழந்தை எல்லோரையும் போல ஒருநாள் சாகத்தான் வேண்டும். பிறகு மகளை இழந்த துயரத்தில் டிமீட்டர் நிலத்தை விளையவிடாமல் செய்கிறாள். மனிதர்கள் அழிந்தால் தெய்வங்களுக்குப் படையல் ஏது? ஜீயஸ் இறங்கி வர வேண்டியதாகிறது. பெர்செஃபனி திரும்புகிறாள், ஆனால் மாதுளை முத்தைத் தின்றுவிட்டதால் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே இருந்தாக வேண்டும்.

இத்தனை நாள் சொன்ன கதைகளில் தெய்வங்கள் வாசலில் நின்றார்கள். இந்த ஒருத்திக்கு மட்டும் வாசலுக்கு அந்தப் பக்கம் மகள் இருக்கிறாள். சாவு தன் வீட்டுக்குள் வந்த தெய்வம் இவள். அதனால்தான் போலும், சாவைப் பற்றிய நம்பிக்கையைத் தேடிக் கிரேக்கர்கள் அப்பல்லோவிடம் போகாமல் இவளிடம் நடந்தே வந்தார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் ஏதென்ஸிலிருந்து ஊர்வலம். பெண்கள் வரலாம், அடிமைகள் வரலாம். கொலைப் பழி இருக்கக் கூடாது, கிரேக்கம் புரிய வேண்டும், அவ்வளவே. மகிழ்ச்சியோடு வாழ மட்டுமல்ல, நல்ல நம்பிக்கையோடு சாகவும் இங்கே கற்றோம் என்று ரோமானியரான சிசரோ எழுதினார்.

ஹேடிஸின் குகையைத் தாண்டி, சடங்கு நடந்த பெரிய கூடத்துக்கு வந்தோம். பக்கம் சுமார் 50 மீட்டர் சதுரம், பாறையில் வெட்டிய படிகள், தூண்களின் அடிப்பகுதி மட்டும் வரிசையாக. இரவில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் படிகளில் நின்று எதையோ பார்த்தார்கள்.

"என்னத்தைக் காட்டினாங்க?"

தெரியாது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்த சடங்கு. வெளியே சொன்னால் மரண தண்டனை. இத்தனை பேர் பார்த்தும் உள்ளே காட்டியது என்னவென்று யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

அக்கா படியில் உட்கார்ந்தாள். ஆலைச் சங்கு ஊதியது. "சொல்லாம இருந்தாங்களே, அதுவே எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். "என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு வீட்டு ஆளுங்க கேட்டா, அவங்களுக்குன்னு சொன்னதை மட்டும் சொல்லுவேன். மீதி எல்லாம் எங்கிட்டயேதான் இருக்கு, இவ்வளவு வருஷமா."

காவலர் வந்து மூடும் நேரம் என்று சைகை காட்டும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. நானும் கதை எதுவும் சொல்லவில்லை.